தனிப்படிப்பில் ஒரு குடும்பம்

வேலைக்குச் சேர்ந்ததுமே விதிமுறைக் கையேட்டை உங்கள் கையில் கொடுத்திருப்பார்கள். படித்திருந்தால் நல்லது. இன்னும் படிக்கவில்லை என்றால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ள வேண்டாம். பல்கலைக்கழகத்தின் இந்த ஈப்போ மையத்தில் சேர்ந்த புதிதில் நானும் அதைப் பார்த்தாலே கொட்டாவி விட்டவள்தான். பட்டமேற்படிப்புப் பிரிவில் இருப்பவர்களுக்கு அதில் இரண்டு அத்தியாயங்கள் போதும், ஆயுசுக்கும் தலைவலி வரும். ஒன்று தனிப்படிப்பு, மற்றொன்று தரம் போடுவது. இந்த இரண்டும் சேர்ந்துகொண்டு ஒரே நாளில் என் மேசைக்கு வந்த கதையைச் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

தனிப்படிப்பு என்றால் வகுப்பு இல்லாத பாடம். மாணவர் தானே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஒரு விரிவுரையாளரின் மேற்பார்வையில் பருவம் முழுக்க அதையே நோண்டி, கடைசியில் அறிக்கை எழுதிக் கொடுப்பார். மேற்பார்வையாளர் தரம் போடுவார். முதுகலையில் பி வாங்கினால்தான் தேறியதாகக் கணக்கு. சி வாங்கினாலும் எஃப் வாங்கினாலும் வீட்டுக்குப் போகிற பாதை ஒன்றுதான். சில விரிவுரையாளர்கள் தனிப்படிப்பு என்றாலே தீபாவளிப் பலகாரம் கொடுப்பதுபோல் ஏ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு விதி வந்தது. தனிப்படிப்பில் ஏ விழுந்தால், தரக்குழு அந்த அறிக்கையைப் படித்து ஒப்புக்கொண்ட பிறகே அது செல்லும். ஒப்புக்கொள்ளாவிட்டால் குழுவே வேறு தரம் போடலாம்.

அந்தக் குழுவுக்கு நான் செயலாளர். எனக்கு ஓட்டு கிடையாது. கூட்டக் குறிப்பு எழுத வேண்டும், விதி என்ன என்று கேட்டால் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். முதல் இரண்டும் எனக்கு நன்றாக வந்தன.

ஒரு பருவக் கடைசியில் குழுவுக்கு வந்த ஒரே ஏ தனலெட்சுமியுடையது. ஆயர் தாவார்ப் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. அந்தத் தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு செம்பனை போட்டிருந்தார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகள் மட்டும் அப்படியே இருந்தன. அந்த லயத்திலேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண். கல்வி இலாகா அவளுக்குப் படிப்பு விடுப்பு கொடுத்திருந்தது. அந்தப் பருவத்தோடு விடுப்பு முடிகிறது. தேறினால் முதுகலை கையில். தேறாவிட்டால் திரும்பப் பள்ளிக்குப் போக வேண்டியதுதான். இலாகா இரண்டாம் தடவை விடுப்பு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

அவள் எடுத்த கேள்வி எளிமையானது. தோட்டத்துப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பு முடித்துப் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். ஓராண்டு, ஈராண்டில் நின்றுவிடுகிறார்கள். ஏன்? பஸ் இல்லை, காசு இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இவள் அறிக்கையின் நான்காம் அத்தியாயம் வேறொன்று சொன்னது. கூடவே பஸ் ஏறிப் போகிற அக்காவோ அண்ணனோ பக்கத்து வீட்டுப் பெரிய பிள்ளையோ இருக்கிறவரை சின்னது போகிறது. பெரியது படிப்பை முடித்தோ பாதியில் நின்றோ போய்விட்டால், கொஞ்ச நாளில் சின்னதும் நின்றுவிடுகிறது. படித்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அவளுடைய மேற்பார்வையாளர் டாக்டர் குணா அந்த அத்தியாயத்துக்காகத்தான் ஏ போட்டிருந்தார்.

குழு கூடுகிற நாள் காலையில் டாக்டர் குணா என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். கையில் அறிக்கை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"எஸ்தர், இந்த மொதப் பக்கத்தப் பாத்தீங்களா?"

"நேத்தே பாத்தேன் டாக்டர்."

"பாத்துட்டு சும்மாவா இருந்தீங்க? நான் படிச்ச வரைவுல இது இல்ல, இப்பதான் பாக்குறேன். கதை முடிஞ்சுது லா!"

அந்தப் பக்கத்தில் தனலெட்சுமி, தன்னோடு சேர்ந்து இந்த ஆய்வைச் செய்தவர்கள் என்று எழுதியிருந்தாள். அம்மா, அண்ணன், அண்ணி, தம்பி. எந்த லயத்துக்கு யார் போய்க் கேட்டார்கள், யார் அட்டையில் எழுதிக்கொண்டார்கள், யார் பிரித்து அடுக்கினார்கள், எல்லாம் அதில் இருந்தது. ஒளிவுமறைவு கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் சொந்தபந்தம் பேரைப் போடுவதுபோல் சந்தோஷமாகப் போட்டிருந்தாள்.

"தனிப்படிப்புன்னு பேர வெச்சுக்கிட்டு வூட்டோட ஒக்காந்து செஞ்சிருக்குது! குழு விடுமா? எஃப்ப போட்டு அனுப்பிருவாங்க" என்றார். குரலைத் தாழ்த்தினார். "குழுவுக்கு வர்ற பேராசிரியர் இப்பதான் சிம்பாங் பூலாய் தாண்டி வந்துக்கிட்டிருப்பாங்க. இன்னும் யாரும் படிக்கல. அந்தப் பக்கத்த உருவிட்டு வேற ஒண்ணு டைப் அடிச்சு வெச்சிடுங்க. அம்மாவுக்கு நன்றி, சாமிக்கு நன்றி. அவ்ளோதான். யாருக்குத் தெரியப் போவுது?"

டாக்டர் குணா நல்ல மனிதர். அவர் தன் பேரைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை, அந்தப் பெண்ணுக்காகத்தான் சொன்னார். இந்த வேலையில் உங்களை இக்கட்டில் மாட்டிவிடுகிறவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட நல்லவர்கள்தான். கெட்டவன் கேட்டால் முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். இவர்களிடம் அது அவ்வளவு சுலபமாக வாயில் வராது.

"மானா போலே, எப்படி முடியும் டாக்டர்? அது அவ எழுதுன பக்கம். அவளக் கேக்காம எப்படி எடுக்குறது?" என்றேன்.

"அப்ப கேளுங்க. சீக்கிரம் கேளுங்க."

தனலெட்சுமி வெளியே நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முடிவு தெரிந்ததும் ஊருக்குப் போகலாம் என்று விடிகாலை பஸ்ஸிலேயே வந்துவிட்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டு, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். எடு என்றும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் இருந்தால் என்ன ஆகலாம், இல்லாவிட்டால் என்ன ஆகலாம் என்று மட்டும் சொன்னேன்.

அவளுக்கு முதலில் புரியவே இல்லை. "ஏன்கா? நான் தப்பா எதும் எழுதலியே. அவங்க செஞ்சாங்க, நான் எழுதியிருக்கேன்."

"அதாம்மா தப்பு. தனியா செய்யணும்."

"தனியாவா?" அப்படி ஒரு வேலை உலகத்தில் உண்டா என்பதுபோல் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அக்கா, எங்க தோட்டத்துல ரப்பர் இருந்தப்ப அப்பாவுக்குப் பால் வெட்ட ஒரு நெற மரம் குடுப்பாங்க. அம்மா பால் வடியுற மங்கு தொடைக்கும், பால் தூக்கும். அண்ணன் ஒட்டுப்பால் பொறுக்கும். ஆனா செக்ரோல்ல, அதான் சம்பளப் பதிவுல, அப்பா பேரு மட்டும்தான் இருக்கும். கணக்கு எழுதுற கிராணி மத்தவங்கள எழுத மாட்டாரு. அம்மா அவ்ளோ வருஷம் வேல செஞ்சிச்சு, எங்கயும் பேரு இல்ல. இப்ப நானும் அவங்கள வெச்சி வேல வாங்கிட்டு என் பேர மட்டும் எழுதுனா, அந்தக் கிராணிக்கும் எனக்கும் என்னக்கா வித்தியாசம்?"

நான் இந்த ஈப்போ பட்டணத்துப் புந்தோங்கில் வளர்ந்தவள். தோட்டத்து வேலையைக் கண்ணால் பார்த்ததோடு சரி. டாக்டர் குணா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எஃப் வந்துச்சுன்னா?" என்று கேட்டேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. "வேணாம்கா, பயமா இருக்கு. ஆனா பேர எடுக்க மாட்டேன்."

பக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் பெரிய நேர்மைச் சிகரம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பெண் கவிழ்ந்தால் அதில் எனக்கும் பங்கு உண்டு என்று தோன்றியது. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு பக்கத்தை நாமே உருவிவிட்டால், அதற்குப் பிறகு குழு தரம் போடுவது நாம் செய்த அறிக்கைக்கு. அந்தப் பிள்ளை செய்ததற்கு இல்லை.

குழுவில் இரண்டு பேர். தலைமை வளாகத்திலிருந்து வருகிற பேராசிரியர், மலாய்க்கார அம்மையார், கறாரானவர். கணக்கியல் பிரிவிலிருந்து மிஸ்டர் லிம். மேற்பார்வையாளர் என்ற முறையில் டாக்டர் குணாவும் உட்கார்ந்தார். பேச்சு ஆங்கிலத்திலும் மலாயிலும் மாறி மாறி நடந்தது. உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார்.

மிஸ்டர் லிம்தான் ஆரம்பித்தார். "எதற்கு வம்பு? எஃப் போட்டால் அழுவார்கள், மேல்முறையீடு செய்வார்கள். முடிவுறாதது என்று போட்டுவிடுவோம். அடுத்த பருவத்தில் தனியாகச் செய்து கொண்டுவரட்டும்."

கேட்பதற்கு எவ்வளவு இதமாக இருக்கிறது பாருங்கள். முடிவுறாதது என்ற தரத்தைக் கண்டாலே எல்லோருக்கும் அப்பாடா என்று இருக்கும். யாரும் அழ மாட்டார்கள், யாரும் திட்ட மாட்டார்கள். டாக்டர் குணாகூடத் தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அந்தப் பெண்ணின் விடுப்பு இந்தப் பருவத்தோடு முடிகிறது" என்றேன். "அடுத்த பருவம் அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள், பதிவே செய்ய முடியாது. முடிவுறாதது, பருவம் தாண்டினால் தானாக எஃப் ஆகிவிடும். இன்றைக்கு எஃப் போட்டால் நீங்கள் போட்டதாக இருக்கும். அப்போது காலண்டர் போட்டதாக இருக்கும்."

பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "எஸ்தர், உங்களை யாரும் கேட்கவில்லை."

"ஆமாம், மேடம்."

"ஆனால் நீங்கள் சொல்வது சரி. இப்போது கேட்கிறேன். விதி என்ன சொல்கிறது?"

படித்தேன். கேள்வியும் சிந்தனையும் முடிவும் மாணவருடையதாக இருக்க வேண்டும் என்று இருந்தது. வீடு வீடாகப் போய் விசாரிப்பதை யார் செய்ய வேண்டும் என்று எங்கும் இல்லை. டாக்டர் குணா நிமிர்ந்து உட்கார்ந்தார். மிஸ்டர் லிம்கூட, அப்படியென்றால் பரவாயில்லையே என்றார். எனக்கு மூச்சு வந்தது.

"அவளைக் கூப்பிடுங்கள்" என்றார் பேராசிரியர்.

தனலெட்சுமி வந்து நின்றாள். உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

"வீடுகளுக்கு யார் போனார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை" என்றார் பேராசிரியர். "நான்காம் அத்தியாயம் நன்றாக இருக்கிறது. கூடப் போகிற ஆள் இல்லாவிட்டால் பிள்ளை நின்றுவிடுகிறது. அது யாருடைய யோசனை?"

என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டர் குணா அவளையே பார்த்துக்கொண்டு, சொல்லு, சொல்லு என்பதுபோல் மோவாயை அசைத்தார்.

அவள் சேலைத் தலைப்பை முறுக்கினாள். "அண்ணி சொன்னது மேடம்."

"அண்ணியா?"

"நான் பஸ்ஸுதான் காரணம்னு நெனச்சேன். அண்ணிதான் வூடு வூடா போச்சு. ராத்திரி சோறு போடுறப்ப சொன்னிச்சு, பெரிய பிள்ள நின்னா சின்னதும் நிக்குது பாருன்னு. அப்புறம் நான் அட்டைங்கள வெச்சி சரிபாத்தேன். சரியா இருந்திச்சு. அதனால எழுதுனேன்."

அறிக்கையின் உயிரே அந்த அத்தியாயம்தான். அதை எடுத்து அண்ணியிடம் கொடுத்துவிட்டாள். டாக்டர் குணா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நான் பேனாவைக் கீழே வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. இவ்வளவு வெகுளியாகவா ஒருத்தி இருப்பாள்!

"அப்புறம் பேச என்ன இருக்கிறது?" என்றார் மிஸ்டர் லிம். "நான்காம் அத்தியாயம் போனால் மிச்சம் சி தேறும்."

பேராசிரியர் பின்னிணைப்பில் இருந்த அட்டவணைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். நிறைய நேரம் புரட்டினார். பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"இங்கே சில பிள்ளைகள் இருக்கிறார்கள். கூடப் போன பெரிய பிள்ளை நின்ற பிறகும் இவர்கள் நிற்கவில்லை. தொடர்ந்து படித்திருக்கிறார்கள். இவர்களைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை. ஏன் நிற்கவில்லை?"

"தெரியல மேடம்."

"உன் அண்ணி ஏதாவது சொன்னாளா?"

"இல்ல மேடம். இத யாரும் கேக்கல."

"நல்லது. நாங்கள் சாப்பிடப் போகிறோம். உன் அட்டைகளை எடுத்துக்கொள், பக்கத்து அறையில் உட்கார், பதில் எழுது. எஸ்தர் கூட இருப்பார். யாரும் உதவக் கூடாது."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். என் வாயைப் பற்றி அவருக்குத் தெரியும்.

கீழே இருந்த கோப்பிக் கடையிலிருந்து எனக்கு நாசி லெமாக் சோறு தாப்பாவ் பொட்டலமாக வந்தது. அதைப் பிரிக்க மனம் வரவில்லை. தனலெட்சுமி காகிதத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அறிக்கையோடு அவள் கொடுத்திருந்த, ஒரு பிள்ளைக்கு ஓர் அட்டை என்று கட்டுக் கட்டாக அட்டைகள், எல்லாம் வீட்டார் எழுதியவை. அவள் இன்னும் காகிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை.

"அக்கா, எனக்கு யார்கிட்டயாவது பேசுனாத்தான் யோசனையே வரும். சும்மா நான் சொல்றத மட்டும் கேக்குறீங்களா?"

கேட்டிருக்கலாம். தலையை ஆட்டியிருந்தாலே போதும், என் முகத்தைப் பார்த்தே அவள் வழியைக் கண்டுபிடித்திருப்பாள். ஆனால் பேராசிரியர் கேட்டால் இவள் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் நான் சாட்சி சொல்லியாக வேண்டும். அப்போது எஸ்தரின் யோசனை என்று என் பேரையும் எழுதி வைத்தாலும் வைப்பாள், இந்தப் பெண்ணை நம்ப முடியாது.

"பேசாத. எழுது" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. அவள் முகம் வாடிப்போயிற்று. கண்காணிப்பு என்பது உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற வேலை என்று நினைக்கிறவர்கள், ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்.

கொஞ்சம் கழித்து அவள் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பிள்ளைகளின் அட்டைகளை மட்டும் பிரித்து எடுத்தாள். வரிசையாகப் பரப்பினாள், கலைத்தாள், லயம் லயமாகப் பரப்பினாள். ஓர் அட்டையை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்தாள். "ஐயோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு மற்றக் கட்டுகளை அவிழ்த்து எதையோ தேட ஆரம்பித்தாள். தேடி முடித்து மேசைக்குப் போனவள் தலையை நிமிர்த்தவே இல்லை. மூன்று பக்கம் எழுதினாள்.

குழு திரும்பி வந்ததும் பேராசிரியர் அதைப் படித்துவிட்டு மிஸ்டர் லிம்மிடம் தள்ளினார். அவள் எழுதியிருந்தது இதுதான். கூட்டிப் போக ஆள் இல்லாமல் போன பிறகும் நிற்காத பிள்ளைகள், அடுத்த ஆண்டு தாங்களே வேறொரு சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவர்கள். காலையில் தன்னை நம்பி ஒன்று வாசலில் நிற்கிறது, அதனால் பஸ் ஏறியிருக்கிறார்கள். எல்லோருக்கும் இது பொருந்தவில்லை. பொருந்தாதவர்கள் யார் யார் என்பதையும் எழுதியிருந்தாள்.

"எஸ்தர், யாராவது உதவினார்களா?"

"இல்லை, மேடம். கேட்டாள், நான் பேச விடவில்லை."

டாக்டர் குணா ஏ வேண்டும் என்று மன்றாடினார். மிஸ்டர் லிம் நான்காம் அத்தியாயத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்றார். பேராசிரியர் பி போட்டார். நான்காம் அத்தியாயம் அறிக்கையில் இருக்கும், அதன் தலைப்புக்குக் கீழே அண்ணியின் பெயர் இருக்கும், அதற்கு மதிப்பெண் இல்லை. இந்த மூன்று பக்கமும் மற்ற அத்தியாயங்களும் சேர்ந்துதான் பி. முதல் பக்கத்தைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை.

"அந்தப் பக்கத்த எடுத்திருந்தா ஏ லா, எஸ்தர்" என்று டாக்டர் குணா படியிறங்கும்போது முணுமுணுத்தார். இருக்கலாம். நான் வாதாடவில்லை. உங்களிடமும் வாதாடப் போவதில்லை. அந்தப் பக்கத்தோடேயே ஏ வந்திருந்தால் நான் செய்தது சரி என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். பி வந்த பிறகும் அதேதான் சரி என்று நினைக்கிறேன்.

நடைவழிக்குப் போய்ச் சொன்னேன். "பாஸ் பண்ணிட்டடி. பி."

பெஞ்சிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழட்டும் என்று விட்டேன். இவ்வளவு நேரம் அடக்கி வைத்ததாயிற்றே. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அக்கா, அந்த மூணு பக்கத்த வூட்டுக்குக் கொண்டு போலாமா?"

"எதுக்கு?"

"அண்ணிகிட்ட படிச்சுக் காட்டணும். சரியான்னு கேக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதான் குழுவே பாத்து தரம் போட்டாச்சே! இனிமே என்ன கேக்குறது?"

"அவங்க தரம் போட்டுட்டாங்கக்கா. ஆனா அந்தப் பிள்ளைங்க வூட்டுக்கெல்லாம் போனது அண்ணிதானே. தப்பா இருந்திச்சின்னா?"

அந்த மூன்று பக்கமும் தேர்வுத் தாள் கணக்குதான், தேர்வுத் தாள் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அந்த விதியில் எங்கேயும் இடுக்கு இல்லை. நான் உள்ளே போய் மூன்று பக்கத்தையும் எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன்.

"கொண்டு போவ முடியாது. இங்கயே ஒக்காந்து மனப்பாடம் பண்ணிக்கோ" என்றேன்.

ஆயர் தாவார் பஸ்ஸுக்கு நேரமாகிறவரை உதட்டை அசைத்து அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். போகும்போது தாள்களை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வரியைத் திரும்ப ஒப்பித்துப் பார்த்துக்கொண்டே படியிறங்கினாள்.